இடது பக்கத்து ஸ்பீக்கர்

ஆம்ப்ளிஃபயருக்குள் பல்பு மாதிரி எரிகிற வால்வின் மேல் படிந்த தூசி சூடேறும்போது ஒரு வாசம் வரும். சோறு அடிப்பிடிப்பதற்குச் சற்று முன்னால் வருகிற வாசம் மாதிரி என்று நீ சொல்வாய். பதினோரு வருஷத்துக்குப் பிறகு இன்று காலை அது என் வீட்டுக் கூடத்தில் வந்தது. சுவிட்சைப் போட்டுவிட்டு நான் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

உன் சாரதா ஃப்ளாட்டைக் காலி செய்கிறாள். மகளோடு இருக்க ஈப்போவுக்குப் போகிறாளாம். நேற்று லாரியில் உன் ஆம்ப்ளிஃபயரையும், அந்த இரண்டு பெரிய ஸ்பீக்கர்களையும், உன் பிரம்பு நாற்காலியையும் ஏற்றி அனுப்பியிருந்தாள். லாரிக்குப் பின்னாலேயே அவளும் வந்தாள். "விக்க மனசு வரலண்ணே. உங்க கையால செஞ்சது, நீங்களே வச்சுக்குங்க" என்றாள். கிளம்பும்போது வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னாள். அதைக் கடைசியில் எழுதுகிறேன். இப்போதே எழுதினால் மேற்கொண்டு பேனா ஓடாது.

எல்லா ஒயரையும் மாட்டிவிட்டு, என் பழைய பிளேயரில் ஒரு இசைத்தட்டைப் போட்டேன். சத்தம் முழுக்க இடப்பக்கம் சாய்ந்து கிடந்தது. ஆம்ப்பின் முகப்பைப் பார்த்தேன். இரண்டு ஸ்பீக்கருக்கும் சத்தத்தைப் பங்கு வைக்கிற அந்தப் பேலன்ஸ் திருகி, இடது பக்கம் கடைசி வரைக்கும் திரும்பியிருந்தது. பதினோரு வருஷமாக அதை யாரும் தொடவில்லை. அதை அப்படித் திருப்பி வைத்தது நீ இல்லை, நான். நான் ஏன் திருப்பினேன் என்பது உனக்குத் தெரியாது. தெரியாமலே போய்ச் சேர்ந்துவிட்டாய். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நீ முதன்முதலில் என் கடைக்கு ஒரு மேசை மின்விசிறியைத் தூக்கிக்கொண்டு வந்தாய். சூலியா தெருவுக்குப் பின்னால் சந்துக்குள் என் ரிப்பேர் கடை. அக்கரையில், பிறை ஊரில் தொழிற்சாலை ஸ்டோரில் வேலை முடிந்து, ஃபெரியில் கடலைத் தாண்டி இக்கரைக்கு வந்து, ஆயர் ஈத்தாம் பஸ் பிடிக்கப் போகிற வழியில் நுழைந்தாய். ரிப்பேர் முடிந்த பழைய வால்வு ரேடியோ ஒன்று மேசையில் பாடிக்கொண்டிருந்தது. மின்விசிறியைக் கீழே வைக்காமலே நின்று கேட்டாய்.

"இது என்னாண்ணே ரேடியோ? பாடறவருக்கு மூச்சு இருக்கே."

உன் வீட்டில் அப்போது புது ஸ்டீரியோ இருந்தது. முகப்பில் பச்சையும் சிவப்புமாக விளக்கு ஓடும். "அதுல எல்லாரும் மூச்சே விடாம பாடறாங்கலா, எனக்கே மூச்சு முட்டுது" என்றாய். அன்றைக்குப் பேசிக்கொண்டே இருந்து, இரண்டு பஸ்ஸை விட்டாய். அடுத்த சனிக்கிழமையும் வந்தாய். அதற்கடுத்த சனிக்கிழமையும் வந்தாய். நாலாவது சனிக்கிழமைதான் மின்விசிறி ஞாபகம் வந்தது. அதுவரைக்கும் வீட்டில் சாரதா விசிறிமட்டையால் வீசிக்கொண்டிருந்திருக்கிறாள். அதற்குள் "அண்ணே" போய் "மச்சான்" வந்துவிட்டது.

உன் ஸ்டீரியோவை ஓரங்கட்டி, ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயர் செய்வது என்று முடிவு செய்தோம். ரோப் வாக் தெருவோரம் பரப்பியிருக்கும் பழைய சாமான்களுக்கு நடுவே குந்தி உட்கார்ந்து, செத்துப்போன ரேடியோக்களின் வயிற்றிலிருந்து வால்வும் ட்ரான்ஸ்ஃபார்மரும் பொறுக்கினோம். நான் செய்து முடிக்க ஐந்து மாதம் ஆனது. ஒவ்வொரு வால்வையும் மாற்றி மாற்றிப் போட்டு உன்னைக் கேட்கச் சொல்வேன். எனக்கு வித்தியாசம் தெரியாது. உனக்குத் தெரியும். ஒருநாள் நீ அடுப்படியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, சொல்லாமல் கொள்ளாமல் ஒரே ஒரு வால்வை மாற்றினேன். உள்ளேயிருந்து குரல் வந்தது. "டேய், எதையோ மாத்திட்டே. பழசையே போடு."

அன்றைக்குத்தான் அதைச் சொன்னாய். "உனக்குக் கை இருக்கு, காது இல்ல. எனக்குக் காது இருக்கு, கை இல்ல. ரெண்டு பேரும் சேந்தாதாண்டா ஒரு மனுஷன்." சாரதா சிரித்தாள், நானும் சிரித்தேன். ஆனால் வாழ்நாள் முழுக்கச் சத்தத்தைச் சோறாக்கித் தின்கிறவன் நான். எனக்குக் காது இல்லை என்று ஒரு ஸ்டோர் கிளார்க் சொன்னது உள்ளே எங்கேயோ முள்ளாகத் தைத்தது. உன்னால் எனக்குப் பெருமையும் இருந்தது, வயிற்றெரிச்சலும் இருந்தது. இரண்டாவதை அப்போது எனக்கு நானே கூட ஒப்புக்கொண்டதில்லை.

ஆம்ப் தயாரானதும் ஒரு சிக்கல். அதற்குப் பலம் கொஞ்சம்தான். உன் பழைய ஸ்பீக்கர்களோ பலமாகத் தள்ளினால்தான் பேசும். பூஞ்சையான ஆளைப் பெரிய மூட்டை தூக்கச் சொன்ன கதை. போர்வைக்குள்ளிருந்து பாடுவது மாதிரி இருந்தது. மெல்லத் தொட்டாலே வாய் திறக்கிற ஸ்பீக்கர் வேண்டும், அந்தக் காலத்துத் தியேட்டர்களில் வைத்திருந்தது மாதிரி என்று சொன்னேன். நான் பேச்சுக்குத்தான் சொன்னேன். நீ இரண்டு மாதம் டவுன் முழுக்கச் சுற்றி விசாரித்தாய். எல்லாரும் வீட்டில் வீடியோ பார்க்க ஆரம்பித்து, தியேட்டர்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த நேரம். மூடிய ஒன்றின் திரைக்குப் பின்னால், எலிப் புழுக்கைக்கு நடுவில் ஜோடியாக நின்றிருந்ததைக் கண்டுபிடித்தாய்.

அவற்றை நாலாவது மாடிக்கு ஏற்றியது நினைவிருக்கிறதா? லிஃப்டுக்குள் நுழையவில்லை. படி வழியாகத் தூக்கினோம். மாடிக்கு மாடி கதவைத் திறந்து பார்த்தவர்கள் சவப்பெட்டி என்று நினைத்து, யார் தவறிவிட்டார்கள் என்று கேட்டார்கள். "எங்க பழைய ஸ்டீரியோதான்" என்று நீ முகத்தைத் தொங்கப்போட்டுச் சொன்னாய். உள்ளே கொண்டுபோய் வைத்ததும் சாரதா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். "வீட்டுக்குள்ள ரெண்டு பீரோ வந்திருக்கு. ஒண்ணுலயும் ஒரு சேலை மடிச்சு வைக்க முடியாது" என்றாள்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாகஸ்வரத் தட்டு ஒன்றைப் போட்டோமே, அவளே அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். அந்தச் சின்ன ஆம்ப்பும் அந்தப் பெரிய பெட்டிகளும் ஒன்றுக்காகவே இன்னொன்றைச் செய்தது போலப் பொருந்திப் போயின. கூடத்தில் ஆளே உட்கார்ந்து வாசித்தது போல இருந்தது. நீ பிரம்பு நாற்காலியில் கண்ணை மூடி இருந்தாய். "தவில்காரரு நடுவுல கையை ஒதறிக்கிறாரு பாரு, கேட்டுச்சா?" என்றாய். எனக்குக் கேட்கவில்லை. கேட்டது என்று தலையாட்டினேன். உன் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. எனக்குப் பெண்டாட்டி பிள்ளை இல்லை. கடை உண்டு, உன் வீட்டுச் சனிக்கிழமை உண்டு. அதற்கு மேல் என் வாழ்க்கையில் எதுவும் இல்லை. அன்றைக்கு அதுவே போதும் போல இருந்தது.

ஒரு வருஷம் அப்படி ஓடியது. பிறகு ஒரு சனிக்கிழமை நீ சொன்னாய். "மச்சான், லெஃப்ட் சைடு சத்தம் கம்மியா வருது. எதோ ரோஸாக், கெட்டுப் போச்சு போல."

ஜோடியாக இருக்கிற சாமான் கெட்டால் ரிப்பேர்காரன் முதலில் செய்வது ஒன்றுதான். இடத்தை மாற்றிப் பார்ப்பான். இடப்பக்கத்து வால்வை வலப்பக்கம் போட்டால், கோளாறும் கூடவே வலப்பக்கம் போக வேண்டும். போனால் வால்வில் குற்றம். வால்வை மாற்றினேன். "இன்னும் லெஃப்டுதான் கம்மி" என்றாய். ஒயரை மாற்றினேன். லெஃப்டுதான். மறு வாரம் இருவரும் மூச்சு வாங்க, ஸ்பீக்கர்களையே இடம் மாற்றி வைத்தோம். அப்போதும் லெஃப்டுதான். எதை மாற்றினாலும் கோளாறு நகரவில்லை. எனக்கோ இரண்டு பக்கமும் ஒன்றாகத்தான் கேட்டது. ஆனால் எனக்குத்தான் காது இல்லையே. உன் காதை நம்பி என் காதைத் தள்ளிவைத்தேன்.

அறையில்தான் ஏதோ என்றோம். ஜன்னல் திரையைக் கழற்றினோம். சுவரில் பாய் மாட்டினோம். சாமி மாடத்தைக்கூடத் தள்ளி வைத்தோம், சாரதா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பேச ஆரம்பித்தபோது, சாப்பாடு பரிமாறிக்கொண்டே சொன்னாள். "அண்ணே, இந்தப் பக்கமா நின்னு கூப்பிட்டா இவரு திரும்பறதே இல்ல. கவனிச்சீங்களா?" அவள் நின்றது உன் இடது பக்கம்.

"ஏன் தங்கச்சி, எந்தப் புருஷனுக்குப் பொண்டாட்டி கூப்பிட்டா காது கேக்குது?" என்றேன். மூன்று பேரும் சிரித்தோம். நீதான் அதிகம் சிரித்தாய்.

இடையில் உன் பேச்சு மாறியது. "உன் கை போச்சுடா. சால்டரிங் சரியில்ல. வயசாகுது உனக்கு" என்றாய். ஒருமுறை உன் தொழிற்சாலைக்காரர் ஒருவர் வந்திருந்தபோது, அவர் எதிரிலேயே சொன்னாய். நான் தலையைக் குனிந்து திருப்புளியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். உனக்குக் கை இருக்கு என்று நீ கொடுத்த ஒரே ஒரு பட்டத்தையும் நீயே பிடுங்கிக்கொண்டாய்.

இனி எழுதப்போவதைச் சாரதாவிடம் நான் சொன்னதில்லை. கோவிலில் கற்பூரத்துக்கு முன்னால் நின்றும் சொன்னதில்லை.

அந்தச் சனிக்கிழமை நீ புதுசாக ஒன்று சொன்னாய். ஆம்ப் இரைகிறது என்றாய். "லெஃப்ட் பக்கம் சன்னமா, கொசு மாதிரி." எர்த் ஒயரைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. பாட்டை நிறுத்தினேன். இன்னும் இரைகிறது என்றாய். ஆம்ப்பை நிறுத்தினேன். நீ நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாய். ஆம்ப்புக்குப் பின்னால் மண்டியிட்டு நான் பிளக்கையே பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டேன்.

"இப்போ?"

"இப்பவும் இரையுதுலா. எங்கேயோ ஷார்ட்டு."

பிளக் என் கையில் இருந்தது. ஆம்ப்புக்குள் ஒரு துளி மின்சாரம் இல்லை. ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. நகராத கோளாறு, சாரதா கூப்பிட்டது, எல்லாம். குற்றம் ஆம்ப்பில் இல்லை, ஸ்பீக்கரில் இல்லை, அறையில் இல்லை. நாம் மாற்றிப் பார்க்காத ஜோடி ஒன்றுதான் பாக்கி இருந்தது. உன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, ஸ்பீக்கருக்கு முதுகு காட்டி உட்காரச் சொன்னால் போதும். இப்போது எந்தப் பக்கம் கம்மி என்று கேட்டால் போதும்.

நான் சொல்லவில்லை. பயம் இருந்தது உண்மை. உன் காது போனால் என் சனிக்கிழமை போச்சு. அது பாதிதான். மீதியையும் சொல்கிறேன், உனக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வது. மண்டியிட்டிருந்த அந்த நொடியில் எனக்குள் ஒரு சொட்டு சந்தோஷம் ஊறியது. என் கை போகவில்லை, உன் காதுதான் போயிருக்கிறது என்கிற சந்தோஷம். அதை நான் கொஞ்ச நேரம் வாயில் வைத்துச் சுவைத்தேன். சுவைத்துவிட்டு எழுந்தேன்.

"பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜ் சத்தம்டா" என்றேன். பிளக்கை மாட்டி, பாட்டைப் போட்டு, பேலன்ஸ் திருகியை இடது பக்கம் கடைசி வரைக்கும் திருப்பினேன். வலது ஸ்பீக்கர் ஏறக்குறைய ஊமையானது. எனக்குத் தாங்க முடியாத கோணலாக இருந்தது.

"இப்போ எப்படி?"

உன் முகம் மலர்ந்தது. "இப்பதாண்டா சரியா இருக்கு. என்னா பண்ணே?"

"கையிருக்குல" என்றேன்.

அதற்குப் பிறகு எட்டு மாதம் நாம் அப்படியே கேட்டோம். சனிக்கிழமைதோறும் நீ சந்தோஷமாகக் கேட்டாய். நான் உன் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கோணலைக் கேட்டேன். அடுத்த வாரம் சொல்லிவிடலாம், தீபாவளி கழியட்டும், அவனே தெரிந்துகொள்வான் என்று ஒவ்வொரு வாரமும் ஒரு சாக்கு கிடைத்தது. நீ சுவரைத் தொட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தாய். அதையும் பார்த்தேன். ஃபெரியிலிருந்து இறங்கும்போது தள்ளாடி விழுந்து முழங்கையில் கட்டோடு வந்தாய். "ஃபெரி ஆடுச்சுலா" என்றாய். ஃபெரி என்றைக்குத்தான் ஆடவில்லை? வாயின் இடது ஓரத்தில் கோப்பி வடிந்ததைப் பார்த்துச் சாரதாதான் உன்னை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

காதிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பில் கட்டி. பொல்லாத கட்டி இல்லை என்றார் டாக்டர். மெதுவாக வளர்வது, சின்னதாக இருக்கும்போது வந்திருந்தால் பயமே இல்லை. இப்போது பெரிதாகி மூளையை நெருக்குகிறது என்றார். காது எப்போதிருந்து மந்தம் என்று கேட்டார். நீ யோசித்துப் பார்த்து, "ஒரு வருஷத்துக்கு மேல இருக்கும் டாக்டர். நான் ஆம்ப்பு ரோஸாக்னு நெனைச்சுக்கிட்டேன்" என்று சொல்லிச் சிரித்தாய். உன் முகத்தில் பாதிதான் சிரித்தது. டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. நான் சுவரோரம் நின்றிருந்தேன்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் மத்தியானம் உன் கட்டிலுக்கு வலது பக்கம் உட்கார்ந்திருந்தேன். அதற்குள் எல்லாருக்கும் எந்தப் பக்கம் உட்காருவது என்று தெரிந்துவிட்டது. நீ என் கையை இழுத்து உன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாய்.

"மச்சான், மனசுல வச்சுக்காதே. உன் கை போச்சுன்னு நாலு பேரு முன்னால சொன்னேன். கோளாறு என்கிட்டதான் இருந்திருக்கு. உன் கையில ஒண்ணுமே இல்ல."

நீ என்னிடம் மன்னிப்புக் கேட்டாய். அப்போதாவது என் வாய் திறந்திருக்க வேண்டும். தூ என்று என் முகத்தில் துப்புவதற்காவது உனக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்திருக்கலாம். "அத விடுலா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். மறுநாள் உள்ளே போனாய். பிறகு நீ கண் விழிக்கவே இல்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு சாரதா கேட்டாள். "வாரம் தவறாம பக்கத்துலயே உக்காந்திருந்தீங்களேண்ணே, உங்களுக்கு ஒண்ணுமே தோணலையா?" அவள் குற்றம் சொல்வதற்காகக் கேட்கவில்லை, தன்னைத் தேற்றிக்கொள்ளத்தான் கேட்டாள். எனக்குத் தோன்றவில்லை என்றால், தனக்குத் தோன்றாததும் குற்றமில்லை என்று ஆகும் அல்லவா. "தெரியலையே தங்கச்சி" என்றேன். இத்தனைக்கும் முதலில் கண்டுபிடித்துச் சொன்னவளே அவள்தான். சிரித்து மழுப்பியவன் நான். அதை அவள் மறந்துவிட்டாளா, மறந்தது மாதிரி இருக்கிறாளா, எனக்குத் தெரியாது.

நேற்று வாசலில் நின்று அவள் சொன்னது இதுதான். "கடைசி வரைக்கும் அவரு நல்லா பாட்டுக் கேட்டாருண்ணே. அந்த ஆம்ப்ப நீங்க சரி பண்ணிக் குடுத்த பெறகு ஒரு கொறையும் சொல்லல. அந்தப் புண்ணியம் உங்களத்தான் சேரும்." கும்பிட்டுவிட்டுப் போனாள். நான் கதவைச் சாத்திவிட்டு, அந்தப் பெட்டிகளுக்கு நடுவே வெகு நேரம் நின்றிருந்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இன்று காலை உன் பிரம்பு நாற்காலியை, நீ போடுவது மாதிரியே ஸ்பீக்கர்களுக்கு எதிரே போட்டேன். திருகியைத் தொடவில்லை. உட்கார்ந்து கேட்டேன். சத்தம் இடது காதில் விழுந்தது. எழுந்து, நாற்காலியைத் திருப்பிப் போட்டு, முதுகு காட்டி உட்கார்ந்தேன். சத்தம் வலது காதுக்கு மாறியது. உனக்கு மாறியிருக்காது, எப்படித் திரும்பி உட்கார்ந்தாலும் லெஃப்டுதான் கம்மி என்றிருப்பாய். அதைத் தெரிந்துகொள்ள ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த ஒரு நிமிஷத்தை நான் உனக்கு எட்டு மாதம் கொடுக்கவில்லை.

திருகியை நேராக்கவும் மனம் வரவில்லை, இப்படியே கேட்கவும் காது ஒப்பவில்லை. பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டேன். இனி இதைப் போடப் போவதில்லை.

உன்னிடமிருந்து எனக்கு மிச்சம் இருப்பது வேறொன்று. கேட்டால் கிறுக்கன் என்பாய். பதினோரு வருஷமாக எங்கே போனாலும் மனிதர்களுக்கு இடது பக்கம் போய் நிற்கிறேன். ஆயர் ஈத்தாம் பாசாரில் மீன்காரருக்கு, பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவருக்கு, கோவில் வரிசையில் முன்னால் நிற்பவருக்கு. நின்று, சன்னமாக ஏதாவது சொல்லிப் பார்ப்பேன். மணி என்ன என்பேன், மழை வருமா என்பேன். ஒருவருக்காவது கேட்காமல் இருக்காதா, அவரைக் கையோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விட மாட்டேனா என்று நிற்பேன்.

எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள்.